அம்மா போகாத வெள்ளிக்கிழமைகள்

மாலை நேர வானொலி நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்குச் சில வாக்கியங்கள் மனப்பாடமாகிவிடும். “கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா தொடங்கி ஷா ஆலம் வரை வாகனங்கள் மெதுவாக நகர்கின்றன. கிள்ளான் செல்வோர் கொஞ்சம் பொறுமையாகப் போங்கள்.” அரை மணி நேரத்துக்கு ஒரு முறை இதைச் சொல்லிவிட்டு ஒரு பாட்டையும் போட்டுவிட்டால் என் கடமை முடிந்தது என்றுதான் பல வருடங்களாக நினைத்திருந்தேன்.

சில மாதங்களுக்கு முன், நேயர் அழைப்பு நேரத்தில் கிள்ளானிலிருந்து ஓர் அம்மா பேசினார். பின்னால் லாரிகள் போகும் சத்தம் கேட்டது.

“என்ன பாட்டும்மா வேணும்?” என்றேன்.

“பாட்டு கெடக்கட்டும்மா. தெனமும் கார்ல போறவங்களுக்கு ஜாம் எங்கன்னு சொல்றீங்க. பஸ் ஸ்டாப்புல நிக்கிற எங்களுக்கு பஸ் எங்கன்னு ஒரு நாளாச்சும் சொல்லுங்களேன்.”

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இரவு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “சரியாத்தானே கேட்டிருக்காங்க” என்றார்.

அம்மாவுக்கு 68 வயது. கார் ஓட்டத் தெரியாது. அப்பா இருந்த காலத்திலேயே வெள்ளிக்கிழமை என்றால் தனியாகத்தான் பிரிக்பீல்ட்ஸ் போவார். ஸ்ரீ அண்டலாஸ் வீட்டிலிருந்து கிள்ளான் நிலையத்துக்கு ஒரு பேருந்து; அங்கிருந்து கொமுட்டர் ரயில்; கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடை. கந்தசுவாமி கோயில், பூக்கடை, பள்ளித் தோழி வீடு என்று சுற்றிவிட்டு, நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீட்டுக்கு வந்து சேர்வார். இரண்டு வருடங்களுக்கு முன் அந்தப் பயணம் நின்றுபோனது. “முட்டி வலிக்குதும்மா” என்றார். நானும் நம்பினேன். மாதம் ஒரு ஞாயிறு காரில் அழைத்துப் போய்க் கோயிலைக் காட்டிவிட்டு வந்தால் போதும் என்று இருந்தேன்.

34 விழுக்காடு 20 ஆன கதை

நான் படித்தது ஊடகத் துறை. போக்குவரத்து பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நெரிசல் அறிக்கை மட்டுமே. ஆனால் கேள்வி ஒட்டிக்கொண்டால் தேடிப் படிக்கும் பழக்கம் உண்டு.

கிள்ளானுக்கு ரயில் புதிதல்ல. சிலாங்கூரின் முதல் ரயில் பாதையே 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை ஒட்டிய புக்கிட் கூடாவுக்கும் இடையே போடப்பட்டதுதான். பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்ததும் ரயிலால்தான். ரயில்வேயில் வேலை செய்த தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் வாழ்ந்த ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ குடியிருப்பு 1905 வாக்கில் எழுந்தது. பழைய ரயில்வே நிலத்தில்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. ரயிலோடு இவ்வளவு பழைய உறவு உள்ள இரண்டு ஊர்களுக்கு இடையே நான் காரில் போய்வருகிறேன்!

நான் மட்டுமல்ல. கோலாலம்பூரின் 2020 கட்டமைப்புத் திட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 1985-இல் நகரப் பயணங்களில் சுமார் 34 விழுக்காடு பொதுப் போக்குவரத்தில் நடந்தது. 1997-இல் அது சுமார் 20 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. இடையில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 1985-இல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தது. 1994-இல் கஞ்சில் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட, வேலை செய்த இடத்திலேயே குடியிருந்த நம் குடும்பங்கள் தாமான்களுக்கு மாறின. வேலை ஓரிடம், வீடு ஓரிடம், பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி வேறிடம் என்றானது. கார் வாங்க முடிந்தவர் கார் வாங்கினார். முடியாதவர் மோட்டார் வாங்கினார். இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் அமர்ந்து போனவர்களும்தான் என்பதை நினைத்தால், பேருந்து இல்லாத ஊரில் யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பது விளங்கும்.

1975-இல் ஓடத் தொடங்கிக் கோலாலம்பூரைக் கலக்கிய மினி பஸ்கள் 1998-இல் நிறுத்தப்பட்டன. அம்மா இன்னமும் அவற்றைப் பற்றிப் பேசுவார். “வேகமாப் போவான், எறங்கறதுக்குள்ள கெளப்பிருவான். ஆனா ஒண்ணு போனா அடுத்தது பின்னாலயே வரும்மா.” அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1995-இல் மின்சாரக் கொமுட்டர், அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு எல்ஆர்டி பாதைகள், 2003-இல் மோனோரயில், 2017-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட 51 கிலோமீட்டர் காஜாங் எம்ஆர்டி, 2023-இல் முழுமையடைந்த 57.7 கிலோமீட்டர் புத்ராஜெயா எம்ஆர்டி என்று கோடி கோடியாகச் செலவானது. மாதம் 50 ரிங்கிட்டுக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் பேருந்து எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்ற ‘மை50’ பாஸும் வந்தது. 2012-க்குள் 25 விழுக்காடு என்று ஓர் இலக்கு. தேசிய போக்குவரத்துக் கொள்கையில் 2030-க்குள் 40 விழுக்காடு என்று இன்னோர் இலக்கு.

ரயில் இருக்கிறது, பாஸ் இருக்கிறது, இலக்கும் இருக்கிறது. மக்கள் ஏன் காரை விடவில்லை?

மூன்று கிலோமீட்டர் பிரச்சினை

இந்தக் கேள்வியைக் கெபாங்சான் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-லேயே கேட்டுவிட்டார்கள். காரிலிருந்து பொதுப் போக்குவரத்துக்கு மக்களை மாற்றுவது எது என்று ஆராய்ந்த அவர்களுக்குக் கிடைத்த முக்கியமான பதில்கள் மூன்று: பயண நேரம் குறைவது, நிலையம் நடக்கும் தூரத்தில் இருப்பது, கட்டணத்துக்கு உதவி கிடைப்பது. கட்டணம் ஒன்று மட்டுமே பதில் அல்ல.

போக்குவரத்துத் திட்டமிடுபவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் இன்னொரு கணக்கும் உண்டு. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிட, வெளியே காத்திருக்கும் ஒரு நிமிடம் மனிதனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமாகத் தெரியும். வருமா வராதா என்றே தெரியாமல் வெயிலில் நின்றால் இன்னும் நீளும். அம்மா மினி பஸ்ஸைப் பற்றிச் சொன்னது இதைத்தான். வண்டி எவ்வளவு சொகுசு என்பது இரண்டாவது. அடுத்த வண்டி வரும் என்ற நம்பிக்கைதான் முதலாவது.

மூன்றாவது விஷயம் பழக்கம். ஜப்பானில் ஒசாகா பகுதியில் ஒரு விரைவுச்சாலையைப் பராமரிப்புக்காக எட்டு நாள் மூடியபோது, சதோஷி ஃபூஜி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கார் ஓட்டிகளை ஆராய்ந்தார்கள். பொதுப் போக்குவரத்தில் போனால் எவ்வளவு நேரமாகும் என்று கார் ஓட்டிகள் மனதில் வைத்திருந்த கணக்கு, உண்மையைவிட அதிகமாக இருந்தது. வேறு வழியில்லாமல் ஒரு முறை போய்ப் பார்த்தவர்கள் அந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். கியோத்தோவில் காரிலேயே போய்ப் பழகிய மாணவர்களுக்கு ஒரு மாதம் இலவசப் பேருந்துச் சீட்டு கொடுத்துப் பார்த்தபோது, சீட்டு முடிந்து ஒரு மாதம் கழித்தும் அவர்கள் முன்பைவிட அதிகமாகப் பேருந்தில் போனார்கள். லண்டனில் 2014-இல் சுரங்க ரயில் வேலைநிறுத்தத்தின்போது மாற்று வழியில் போனவர்களில் இருபதில் ஒருவர், வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் அந்தப் புதிய வழியிலேயே போனார்.

அதாவது, நாம் காரைத் தினமும் ‘தேர்ந்தெடுப்பது’ இல்லை. ஒரு முறை தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு யோசிப்பதையே நிறுத்திவிடுகிறோம்.

சரி, நானே சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு மாதம் காரை வீட்டில் நிறுத்தினேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் எழுதினேன்: “வீட்டிலிருந்து அலுவலகம், ரயிலில், இரண்டரை மணி நேரம்.” முதல் வாரச் சராசரி ஒரு மணி நாற்பது நிமிடம். ஒசாகாக்காரர்கள் செய்த அதே தவறு! காரில் போவதைவிட நேரம் கூடுதல்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைய நிகழ்ச்சிக்கான குறிப்புகளை முடித்துவிடலாம். காரில் அந்த நேரம் பிரேக்கை மிதிப்பதிலேயே போகும்.

சிரமம் ரயிலில் இல்லை. ரயிலுக்கு முன்னும் பின்னும்தான். வீட்டிலிருந்து கிள்ளான் நிலையம் மூன்று கிலோமீட்டர். பேருந்துக்குக் காத்திருந்தால் சில நாள் பத்து நிமிடம், சில நாள் முக்கால் மணி நேரம். கிராப் எடுத்தால், முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகும் ரயில் கட்டணத்தைவிட இந்த மூன்று கிலோமீட்டருக்கு அதிகமாகக் கொடுக்க வேண்டும். நடக்கலாம் என்றால் நடைபாதை திடீரென்று முடிந்து கால்வாயில் இறங்கிவிடும்.

திரும்பி வருவது இன்னும் பெரிய கேள்வி. என் நிகழ்ச்சி முடிய எட்டு மணி. நிலையத்தில் இறங்கும்போது பத்தை நெருங்கிவிடும். அந்த நேரத்தில் தாமானுக்குள் போகும் பேருந்தை நம்பி நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு பெண் எந்த வழியில் போவது என்று காலையில் முடிவெடுப்பதில்லை. இரவு எப்படித் திரும்புவது என்று யோசித்துத்தான் முடிவெடுக்கிறாள். 2010-இல் கொமுட்டரில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி வந்தது நல்ல காரியம். ஆனால் அந்தப் பெட்டி நிலையத்தோடு நின்றுவிடுகிறதே!

மாதம் முடிந்தபோது என் கணக்கு இப்படி நின்றது. தினமும் ரயில் எனக்குச் சரிப்படாது. வாரத்தில் மூன்று நாள் முடியும். தம்பி இரவு மோட்டாரில் வந்து ஏற்றிக்கொள்வான் என்றால். இன்றுவரை அப்படித்தான் ஓடுகிறது.

அம்மா சொன்ன உண்மை

அந்த மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. “பிரிக்பீல்ட்ஸ் போலாமாம்மா, ரயில்ல?” என்று கேட்டேன். முட்டி வலி என்பார் என்று எதிர்பார்த்தேன். பசியாறிய தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் சேலை கட்டி வாசலில் நின்றார்.

நிலையத்துக்குக் கிராப்பில் போனோம். அதன் பிறகு வழிகாட்டியது அம்மாதான். எந்த இடத்தில் நின்றால் பெண்கள் பெட்டி வரும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவருக்குப் பாதிக் கட்டணம் என்பதால் அட்டையை எடுத்துப் பெருமையாகக் காட்டினார். பாடாங் ஜாவா, ஷா ஆலம், பத்து தீகா என்று நான் வானொலியில் நெரிசலுக்காக மட்டுமே உச்சரிக்கும் ஊர்கள் சன்னலில் ஒவ்வொன்றாக வந்து போயின.

கேஎல் சென்ட்ரலிலிருந்து துன் சம்பந்தன் சாலைக்கு நடந்தபோது முட்டி வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பார்வையற்றோர் சங்கம் இருக்கும் ஊர் என்பதால் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் காலுக்குத் தட்டுப்படும் மஞ்சள் கற்கள் பதித்திருப்பார்கள். வெள்ளைக் கோலோடு ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். “நடக்க வழி இருந்தா யாரும் போயிரலாம்மா” என்றார் அம்மா.

பூக்கடையில் மல்லிகை வாங்கும்போது கேட்டேன். “நல்லாத்தானே நடக்குறீங்க. அப்புறம் ஏன் நிறுத்துனீங்க?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். “ஒரு நா திரும்பி வர்றப்போ கிள்ளான்ல பஸ்ஸுக்கு ஒண்ணரை மணி நேரம் நின்னேன். கூரையும் இல்ல, நாற்காலியும் இல்ல. தல சுத்திப் போய் ஒக்காந்துட்டேன். ஒரு மலாய்க்காரப் புள்ள தண்ணி வாங்கிக் குடுத்து கிராப்ல ஏத்திவிட்டுச்சு. ஒங்கிட்ட சொன்னா வேலைய விட்டுட்டு ஓடி வருவே. முட்டி வலின்னா நீ மேல கேக்க மாட்டே.”

கடைக்காரர் மல்லிகையை நீட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கை நீளவில்லை.

கணக்கில் வராத பயணம்

அதன் பிறகுதான் அந்த விழுக்காடுகளை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். 34, 20, 25, 40 என்பதெல்லாம் நடந்த பயணங்களில் எத்தனை பொதுப் போக்குவரத்தில் நடந்தன என்ற கணக்கு. ஒருவர் காரில் போனால் ஒரு பக்கம் சேருவார். ரயிலில் போனால் மறுபக்கம் சேருவார். வீட்டிலேயே இருந்துவிட்டால் எந்தப் பக்கமும் சேர மாட்டார். அம்மா போகாத நூறு வெள்ளிக்கிழமைகள் எந்த விழுக்காட்டையும் குறைக்கவில்லை. மாதம் ஒரு முறை நான் அவரைக் காரில் கூட்டிப் போனேனே, அது ‘தனியார் வாகனப் பயணம்’ என்று போயிருக்கும். காகிதத்தில் அவரும் காரை விரும்பும் ஒருவர்!

நடக்காத பயணம் எவ்வளவு பெரியது என்பதைத் தமிழ்நாடு காட்டியது. 2021 மே மாதம் முதல் அங்கே சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பயன்படுத்தும் பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார்கள் என்று அந்த மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. பேருந்துகளில் பெண்களின் பங்கும் கூடியது. முன்பு யாரையாவது கேட்டு, காசு வாங்கி, காத்திருந்து போனவர்கள் இப்போது தாங்களே கிளம்புகிறார்கள்.

நம் ஊரிலும் இலவசப் பேருந்து புதிதல்ல. கோலாலம்பூரில் 2012-இல் ‘கோ கேஎல்’, சிலாங்கூரில் 2015-இல் ‘ஸ்மார்ட் சிலாங்கூர்’ என்று வந்தவைதான். ஆனால் அம்மாவின் பிரச்சினை காசு அல்ல. எத்தனை மணிக்கு வரும் என்று தெரிய வேண்டும், நிற்க நிழல் வேண்டும், உட்கார ஓர் இடம் வேண்டும். ஆயிரக்கணக்கான கோடி ரிங்கிட் ரயில் பாதையைப் பயனில்லாமல் செய்ய ஒரு கூரையில்லாத நிறுத்தம் போதும்.

இதை யாரிடம் கேட்பது? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொமுட்டர் ஒரு நிறுவனம். எல்ஆர்டி, எம்ஆர்டி, ரேபிட் பேருந்துகள் இன்னொரு நிறுவனம். உரிமம் கொடுப்பது தரைப் பொதுப் போக்குவரத்து முகமை. தாமான் நடைபாதை ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. பெரிய சாலை பொதுப்பணித் துறையுடையது. மை50 பாஸ் வந்தபோதும் கொமுட்டர் அதில் சேர்க்கப்படவில்லை. கிள்ளான்வாசிக்கு இரண்டு கட்டணம். ஒவ்வொருவர் கையிலும் பயணத்தின் ஒரு துண்டு இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல் வரை முழுப் பயணம் யார் கையிலும் இல்லை.

பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் ஜோஹான் செத்தியா வரைக்கும் எல்ஆர்டி3 பாதை திட்டமிடப்பட்டு, செலவைக் குறைக்க 2018-இல் ஐந்து நிலையங்கள் தள்ளி வைக்கப்பட்டு, 2023-இல் மீண்டும் சேர்க்கப்பட்ட கதை கிள்ளான்காரர்களுக்குத் தெரியும். புக்கிட் ராஜாவும் பண்டார் போட்டானிக்கும் அந்த ஐந்தில் அடங்கும். வரைபடத்தில் அழிக்கப்படும் ஒரு புள்ளி, ஒரு தாமானுக்கு மூன்று கிலோமீட்டர் நடையாக மாறும் என்பதை அப்போது நாம் உரக்கச் சொல்லவில்லை. இனி அந்த நிலையங்களைச் சுற்றி நடைபாதை, நிழல், இணைப்புப் பேருந்து பற்றியாவது சொல்ல வேண்டும். கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகரமாகிவிட்டது. மாநகரம் என்றால் பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை கேட்பது பேராசையா என்ன?

நான் ஒரு சின்ன வேலை செய்தேன். எங்கள் தெருவுக்கு அருகிலுள்ள நிறுத்தத்தைப் படம் எடுத்து, பேருந்து வந்த நேரங்களை இரண்டு வாரம் குறித்து, மாநகர் மன்ற உறுப்பினருக்கு எழுதினேன். பக்கத்து வீட்டு அக்காக்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் நான்கு பேர், “நாங்களும் அதனாலதான் போறத விட்டுட்டோம்” என்றார்கள். பதில் இன்னும் வரவில்லை. மறுபடி எழுதுவேன்.

என் நிகழ்ச்சியிலும் ஒரு மாற்றம். நெரிசல் தகவலுக்குப் பிறகு, ரயில் தாமதம், பேருந்து மாற்றம் பற்றி நேயர்கள் அனுப்பும் செய்திகளைச் சரிபார்த்து முப்பது வினாடி வாசிக்கிறேன். அன்று அழைத்த அம்மாவுக்கு அது கேட்கிறதா என்று தெரியாது. கேட்டால், பாட்டு போட்டுச் சமாளித்ததற்கு மன்னித்துவிடுங்கள் அம்மா.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், முன்பு தனியாகப் போய்வந்து இப்போது போகாமல் இருக்கும் பெரியவர் யாராவது இருக்கிறார்களா? முட்டி வலி என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள்.